விருத்தாசலத்தில் ஒரு மழைக்காலத் தண்ணீர்ப் பந்தல்

எனக்கு வேண்டியிருந்தது பீங்கான் ப்யூஸ் கட்டைகள். என் மனைவிக்கு வேண்டியிருந்தது ஊறுகாய் ஜாடி. இரண்டும் விருத்தாசலத்தில் கிடைக்கும் என்று கொழும்பு வியாபாரி ஒருவர் சொல்ல, வாழ்க்கையில் முதல் தடவையாகக் கடல் கடந்தேன்.

வவுனியாவில் எனக்கு மின்சாமான் கடை இருக்கிறது. போர்நிறுத்தம் வந்து பாதை திறந்ததும், ஊர் திரும்பிய சனம் கூரை போட்ட கையோடு வயர் இழுக்கத் தொடங்கியது. காலையில் கடையைத் திறந்தால் ப்யூஸ் கட்டை, பூட்டும்போதும் ப்யூஸ் கட்டை. பீங்கானை அள்ளிக்கொண்டு வருவோம் என்று புறப்பட்டபோது மனைவி வாசலில் நின்று சொன்னாள்: "மேல மண்ணிறம், கீழ வெள்ளை. பெரிசாப் பாருங்கோ. மூடி பொருத்தமா இருக்கோணும்."

அவளிடம் முன்பு ஒரு ஜாடி இருந்தது. இடம்பெயர்ந்து ஓடியபோது உடுப்பை விட்டுவிட்டு, தேசிக்காய் ஊறுகாயோடு அந்த ஜாடியைத்தான் தூக்கினாள். கொஞ்சத் தூரத்தில் கை கடுத்து, ஒரு மரத்தடியில் இறக்கி வைத்துவிட்டு வந்தாள். எரிந்துபோன வீட்டைப் பற்றி அவள் இன்றுவரை ஒரு வார்த்தை பேசியதில்லை. ஜாடியைப் பற்றி மாதம் ஒரு தரமாவது பேசுவாள்.

கூடவே இன்னொரு சின்னப் பொறுப்பும் சேர்ந்தது. பக்கத்து வீட்டுக் கந்தசாமி அண்ணை ஒடியல் என்கிற காய்ந்த பனங்கிழங்கும் பனங்கட்டியும் கட்டிய பொதி ஒன்றைத் தந்தார். அவருடைய தங்கை யோகராணி ரீச்சர் விருத்தாசலத்துக்கு வெளியே அகதி முகாமில் இருக்கிறார். அங்கே பள்ளிக்கூடம் நடத்துகிறார் என்று கடிதத்தில் எழுதியிருந்தாராம். "பள்ளிக்கூடத்தை வடிவாப் பாத்துக்கொண்டு வந்து எனக்குச் சொல்லும்" என்றார். பள்ளிக்கூடம் பார்ப்பதில் என்ன கஷ்டம் என்று நினைத்துக்கொண்டேன்.

சென்னையில் ஏறிய பஸ் என்னை வேப்பூரில் இறக்கிவிட்டுத் திருச்சிப் பக்கம் பறந்தது. சாலையோரக் கடையில் பரோட்டாவைப் பிய்த்துப்போட்டுச் சால்னாவை அதன் தலையில் ஊற்றினார்கள். ருசியைக் குறை சொல்ல முடியாது. பிறகு பிளேன்டீ கேட்டேன். எங்கள் ஊரில் மூன்று வேளையும் குடிக்கிற, பால் விடாத தேநீர். கடைக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"வவுறு சரியில்லைங்களா?"

நன்றாகத்தான் இருக்கிறது என்றேன். அவர் நம்பவில்லை. பால் விடாத டீயோடு ஒரு துண்டு இஞ்சியும் சேர்த்துக் கொடுத்து, கொஞ்ச நேரம் உட்காரச் சொன்னார். அந்த அக்கறையில் என் பஸ் போய்விட்டது.

அடுத்து வந்த பஸ்ஸில் ஏறிக் கண்ணயர்ந்துவிட்டேன். முழித்தபோது திட்டக்குடி. அந்த பஸ் விருத்தாசலம் போகவே போகாதாம். கண்டக்டர் என்னைக் கோபிக்கவில்லை. "தூங்கிட்டு இருந்தீங்க, எழுப்ப மனசு வரல. இப்ப ஒரு வண்டி வரும், நானே ஏத்தி விடறேன்" என்றார். சொன்னபடி ஏற்றியும் விட்டார். எங்கள் பக்கத்தில் இப்படி ஒரு தவறு நடந்தால் முதலில் சண்டை பிடிப்போம், பிறகுதான் வழி கேட்போம்.

விருத்தாசலத்தில் நான் தேடிப் போன செல்வராசு, பீங்கான் தொழிற்பேட்டையில் ஒரு யூனிட் வைத்திருப்பவர். என் வயதுதான் இருக்கும். வாய் ஓயாத மனிதர். எந்தப் பேச்சையும் சாப்பாட்டில் தொடங்கிச் சாப்பாட்டில் முடிப்பார்.

"வாங்க சார், சாப்ட்டீங்களா? இன்னும் இல்லியா? மொதல்ல வூட்டுக்குப் போவோம். கட்டை எங்க ஓடிடப் போவுது?"

அவர் வீட்டில் சாம்பார் ஊற்றினார்கள். அது முடிந்ததும் வத்தக்குழம்பு, பிறகு ரசம், பிறகு மோர். எங்கள் வீட்டில் இது நான்கு நாள் சமையல். எழுந்திருக்கப் பார்த்தால் அவருடைய மனைவி அப்பளத்தோடு வழிமறித்தார்.

பிறகு யூனிட். களிமண்ணை அச்சில் அமுக்கி, உலர்த்தி, சூளையில் அடுக்குகிறார்கள். ஒரு பக்கம் ப்யூஸ் கட்டை, இன்னொரு பக்கம் கொலுப் பொம்மை. சுற்றுவட்டாரம் முழுக்க உடைந்த பீங்கான். வேலியோரத்தில் குவியல், வாய்க்காலில் குவியல், தெருநாய் படுத்திருப்பதும் குவியலின் மேல். ஜாடி கிடைக்குமா என்று கேட்டேன். பக்கத்து யூனிட்டில் வாங்கித் தந்தார். மேலே மண்ணிறம், கீழே வெள்ளை. ஒரு சின்னப் பிள்ளை உள்ளே உட்காரலாம், அவ்வளவு பெரிது. மூடிகளை ஒவ்வொன்றாகப் பொருத்திப் பார்த்து, ஆடாத ஒன்றை எடுத்தேன். அந்த நிமிடத்திலிருந்து ஜாடி என் இடுப்பை விட்டு இறங்கவில்லை. லாட்ஜ்க்காரர் அறைச் சாவியைத் தந்துவிட்டு, உள்ளே அஸ்தியா என்று மரியாதையாகக் கேட்டார்.

மறுநாள் பிற்பகல் முகாமுக்குப் போக வேண்டும் என்றதும் செல்வராசு தன் ஜீப்பை எடுத்தார்.

"அங்கருந்து பொம்பளைங்க நம்ம யூனிட்டுக்கு வேலைக்கு வராங்க. நல்ல ஜனங்க. நானும் அந்தப் பக்கம் போயி ரொம்ப நாளாச்சி."

ஊரைத் தாண்டி முந்திரித்தோப்பு. தோப்பைச் சுற்றி ஒரு வளைவு. வளைவில் ஆடுகள் மறித்துக்கொண்டு நிற்க, செல்வராசு ஹாரனை நீளமாக அழுத்தினார். ஆடுகள் அவசரப்படாமல் விலகின. முகாமை நெருங்கியபோது உள்ளே இருந்து ஒரு விசில் சத்தம் கேட்டது. யாரோ பிள்ளைகள் விளையாடுகிறார்கள் என்று நினைத்தேன்.

இறங்கிப் பார்த்து அசந்துபோனேன். தார்த்தாள் கூரை போட்ட குடிசைகள் வரிசையாக இருந்தன. ஒவ்வொரு குடிசைக்கு முன்னாலும் அந்தக் குடும்பம் மூத்தவரிலிருந்து கைக்குழந்தை வரை ஒழுங்காக நின்றது. மூத்தவர் கையில் குடும்ப அட்டை. நான் அன்று சட்டையை உள்ளே விட்டுப் பெல்ட் போட்டிருந்தேன், கக்கத்தில் விலைப்பட்டியல் வைத்த ஃபைலும் இருந்தது. வெளிநாட்டு விருந்தாளிக்கு என்ன வரவேற்பு என்று நெகிழ்ந்து, வரிசை முழுவதற்கும் கும்பிடு போட்டுக்கொண்டே நடந்தேன். யாரும் திரும்பக் கும்பிடவில்லை.

நடுவில் ஒரு வெறும் தரை. அதில் வட்டமான பீங்கான் மூடிகள் இரண்டு வரிசையாகப் பதிந்திருந்தன. சின்னப் பிள்ளைகள் மூடிக்கு மூடி நொண்டியடித்து விளையாடிக்கொண்டிருந்தார்கள். விளையாட்டில் ஒருவருக்கும் மனம் இல்லை. எல்லாக் கண்ணும் என் ஃபைலில்.

கண்ணாடி போட்ட, நரைத்த தலை அம்மா ஒருவர் முன்னால் வந்தார்.

"பள்ளிக்கூடம் எங்க இருக்கு?" என்று கேட்டேன்.

"பள்ளிக்கூடமோ? இஞ்ச அப்பிடி ஒண்டும் இல்லை, சேர். பிள்ளையள் ரவுண் பள்ளிக்கூடத்துக்குத்தான் போறவை."

"யோகராணி ரீச்சர்?"

அவர் என் பெல்ட்டையும் ஃபைலையும் பார்த்தார். அப்போதுதான் நான் பொதியை எடுத்து நீட்டினேன். "வவுனியாவில இருந்து வாறன். கந்தசாமி அண்ணை தந்துவிட்டவர். ஒடியலும் பனங்கட்டியும்."

அந்த அம்மா பொதியை வாங்கி முகர்ந்து பார்த்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரிக்கத் தொடங்கினார். சிரிப்பு நிற்கவே இல்லை. ஒரு கையால் குடிசைச் சுவரைப் பிடித்துக்கொண்டு கத்தினார்:

"புஷ்பம், இது எங்கட ஆள். திருப்பிப் போடுங்கோ!"

புஷ்பம் என்கிற திடகாத்திரமான பெண் கழுத்தில் தொங்கிய விசிலை இரண்டு தரம் ஊதினாள். அதன் பிறகு நான் பார்த்ததை இன்னும் என் கடைக்கு வருகிறவர்களுக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். பிள்ளைகள் மூடிகளைத் தூக்கினார்கள். ஒவ்வொரு மூடிக்குக் கீழும் தரைக்குள் செங்குத்தாகப் புதைத்த பீங்கான் குழாய். பெண்கள் குடிசைகளுக்குள் போய்ச் சவுக்குக் கம்புகளோடு வந்து ஒவ்வொரு குழாயிலும் ஒன்றை இறக்கினார்கள். ஒரு வீட்டில் கொடிக்கம்பாக இருந்தது விட்டமானது. ஒரு வீட்டுத் தின்பண்டக் கடையின் பலகை பிள்ளைகள் உட்காரும் வாங்கானது. கீற்றுகள் கூரையாக ஏறின, தட்டிகள் சுவராக நின்றன. கடைசியில் அந்த நரைத்த தலை அம்மா, அவர்தான் யோகராணி ரீச்சர், தன் குடிசையின் கதவைக் கழற்றித் திருப்பினார். மறுபக்கம் கரும்பலகை. அதில் பாதிக் கணக்கு அழியாமல் இருந்தது.

"எங்க விட்டனாங்கள்?" என்றார் பிள்ளைகளைப் பார்த்து.

செல்வராசு வாயைத் திறந்தபடி நின்றார். "ஏம்மா புஷ்பம், சாக்கடைக்குன்னு சொல்லித்தானே அந்த ரிஜெக்ட் குழாய வாங்கினு போன?"

"சாக்கடைக்கும் கொஞ்சம் போட்டனாங்கள், அண்ணை" என்றாள் புஷ்பம், கொஞ்சமும் வெட்கமில்லாமல்.

பிளேன்டீயும் பனங்கட்டியும் வந்தன. கேட்காமலே வந்த பிளேன்டீ. ரீச்சர் விஷயத்தைச் சொன்னார். முகாமுக்குள் அனுமதியில்லாமல் புதிதாக எதையும் கட்டக்கூடாது. அதிகாரி பார்த்தால் எழுத வேண்டும். எழுதினால் ஆள் வந்து பிரித்து ஏற்றிக்கொண்டு போய்விடும். முதலில் கட்டிய பள்ளிக்கூடம் அப்படித்தான் போனது. அனுமதி கேட்டு எழுதியதற்குப் பதில் வரவில்லை.

"அதுக்குப் பிறகு இந்த ஏற்பாடு, தம்பி. ஆள் எண்ண ரெவின்யூ இன்ஸ்பெக்டர், ஆர்.ஐ., வருவார். அந்த வளைவில அவரின்ரை டிரைவர் ஹோர்ன் அடிக்கிறவன். அது எங்கட அதிர்ஷ்டம். ஹோர்ன் கேட்டதும் கழட்டிப்போடுவம். இந்த முறையும் தடியளைக் கொண்டு போனாங்கள் எண்டால், இன்னொருக்காச் சேர்க்க இந்தச் சனத்திட்டத் தெம்பு இல்லை. எனக்கும் இல்லை."

"இண்டைக்கு நேரமே தரேல்லை நீங்கள்" என்று புஷ்பம் என்னைக் குறை சொன்னாள். "அவர் ஹோர்ன் அடிச்சால் கொஞ்சம் சுணங்கித்தான் வருவார். நீங்கள் அடிச்ச கையோட வந்திட்டீங்கள்."

காலையில் இது பாலர் வகுப்பு. தாய்மார் சூளை வேலைக்கும் தகப்பன்மார் ஊர் ஊராகப் பெயின்ட் அடிக்கவும் போய்விடுவதால் சின்னதுகள் இங்கே இருக்கும். சமைக்கும் ஒவ்வொரு வீடும் ஒரு பிடி அரிசியைப் பள்ளிப் பானையில் போட்டுவிட்டுத்தான் தன் உலையில் போடுமாம். அந்த அரிசியில் பத்து மணிக்குக் கஞ்சி. பின்னேரம் பெரிய பிள்ளைகள். பகலில் ஊர்ப் பள்ளியில் புரியாததை இங்கே கேட்பார்கள். பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பெண்கள்தான் ஆசிரியர்கள். சிலேட்டுக்குப் பதிலாக மெருகு பூசாத உடைந்த ஓடு. கரியால் எழுதி ஈரத்துணியால் துடைத்துவிடலாம். கூட்டல் கழித்தல் எல்லாம் விளிம்பு உடைந்த ப்யூஸ் கட்டையில். அதைப் பார்த்து எனக்குத் தொழில் ரீதியாகக் கொஞ்சம் நெஞ்சு வலித்தது.

இந்தப் பிள்ளைகளின் பேச்சு பெரிய வேடிக்கை. ஒரு சிறுமி செல்வராசுவிடம், "கரும்பலக எங்க டீச்சர் வூட்ல தாங்க இருக்குது" என்றாள். மூச்சு விடாமல் என் பக்கம் திரும்பி, "எங்கட வீட்டில விட்டம் இருக்கு, மாமா" என்றாள். பிறந்ததிலிருந்து இலங்கையைப் பார்க்காதவள். கடல் எப்படி இருக்கும் என்று என்னைக் கேட்டாள். வவுனியாவில் கடல் இல்லை என்றேன். அவளுக்குப் பெரிய ஏமாற்றம்.

"வீட்டுக்கு வாறதில்லையோ, ரீச்சர்? அண்ணை பாத்துக்கொண்டிருக்கிறார்" என்று கேட்டேன்.

"வருவம், தம்பி. இதுகள் பத்தாம் வகுப்பைத் தாண்டட்டும். ஒவ்வொரு பொங்கலுக்கும் போறம் எண்டு இருந்துதான் முதல் பிள்ளையள் எழுத்தறியாமல் வளந்ததுகள்" என்றார்.

ஜீப்பில் திரும்பும்போது செல்வராசு வளைவில் வண்டியை நிறுத்தி முகாமைத் திரும்பிப் பார்த்தார். "பன்னண்டு வருசமா நம்ம பக்கத்துலயே இருக்காங்க, எனக்குத் தெரியல பாருங்க" என்றார். உடனே இரவுச் சாப்பாட்டுக்குக் கொத்து பரோட்டாவா இட்லியா என்று கேட்டார்.

அன்று பிடித்த மழை அடுத்த நாள் முழுவதும் விடவில்லை. செல்வராசு சூளையை மூடிவிட்டு வானத்தைத் திட்டினார். நான் லாட்ஜ் ஜன்னலில் உட்கார்ந்து, பெட்டிகளில் வைக்கோல் திணித்து ப்யூஸ் கட்டைகளை அடுக்கினேன். ஜாடி மட்டும் எந்தப் பெட்டியிலும் அடங்கவில்லை.

புறப்படும் நாள் காலையில் மழை தூறலாகக் குறைந்திருந்தது. ரீச்சர் புட்டும் சம்பலும் சாப்பிட வரச் சொல்லியிருந்தார். செல்வராசு சரக்கை ஏற்றிக்கொண்டு மத்தியானம் என்னை முகாமிலேயே வந்து கூட்டிப்போவதாகச் சொன்னார். லாட்ஜைக் காலி செய்துவிட்டதால் ஜாடியையும் தூக்கிக்கொண்டு ஆட்டோவில் போனேன். ஆட்டோக்காரர் ஒவ்வொரு பள்ளத்திலும் திரும்பி, "ஜாடி பத்தரமா?" என்று கேட்டார். நான் பத்திரமா என்று அவர் ஒரு தடவையும் கேட்கவில்லை.

புட்டு ஆவி பறக்க வந்தது. விருத்தாசலம் வந்ததிலிருந்து முதல் தடவையாகச் சாம்பார் இல்லாத காலை. இரண்டு வாய் எடுத்திருப்பேன். வளைவில் ஹாரன் நீளமாகக் கேட்டது.

புஷ்பம் விசிலை ஊதினாள். பெண்கள் ஓடினார்கள். பிள்ளைகள் வெளியே வந்தார்கள், தட்டிகள் இறங்கின, கரும்பலகை கதவானது. நானும் புட்டுக் கையோடு ஓடிப்போய் ஒரு கம்பைப் பிடித்தேன். கம்பு வரவில்லை. அடுத்த கம்பும் வரவில்லை. மழையில் ஊறிப் பருத்து, ஒவ்வொன்றும் குழாய்க்குள் இறுகிப்போயிருந்தது. புஷ்பமும் இன்னும் இரண்டு பேரும் கட்டிப்பிடித்து இழுத்தார்கள். ஆட்டினால் குழாய் விரிசல் விடுகிற சத்தம் கேட்டது. கம்பு நின்றால் விட்டம் நிற்கும், விட்டம் நின்றால் கூரை நிற்கும்.

மறுபடியும் ஹாரன். ஆனால் ஆர்.ஐ.யின் ஜீப்பைக் காணவில்லை.

"வந்திடப்போறார், இழுங்கோ!" என்று புஷ்பம் அழுதுகொண்டே இழுத்தாள். சேற்றில் வழுக்கி நான் உட்கார்ந்துவிட்டேன். மூன்றாம் முறையும் ஹாரன் கேட்டது. கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு ஒரு மனிதர் வளைவிலிருந்து நடந்து வந்தார். காக்கிச் சட்டை. ஆர்.ஐ.யின் டிரைவர்.

அவர் வாசலில் நின்று, தலையை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு சொன்னார்:

"டீச்சரம்மா, சார் கேட்டுனு வரச் சொன்னாரு. இன்னும் எவ்ளோ நேரம் ஆவும்?"

ரீச்சர் கண்ணாடியைக் கழற்றிச் சேலைத் தலைப்பில் துடைத்தார், திரும்பப் போடவில்லை.

"ஹோர்ன் அடிக்கச் சொல்லுறது அவரோ?" என்று கேட்டார்.

"பின்ன? ஆடு மாடு இல்லாத ரோட்டுல நான் எதுக்கும்மா அடிக்கப் போறேன்? அடிச்சிட்டு ஒரு பீடி பத்த வெச்சா, அது முடிஞ்சி உள்ள வருவோம். இன்னிக்கி மூணு பீடி ஆச்சி. மழையில தீப்பெட்டியும் நமுத்துப்போச்சி."

புஷ்பம் கம்பை விட்டுவிட்டுச் சேற்றிலேயே உட்கார்ந்தாள். இத்தனை வருடமாக இவர்கள் ஒளித்ததும் ஆர்.ஐ. ஒளித்ததும் ஒரே பள்ளிக்கூடத்தை.

"கழட்டேலாது. மழையில இறுகிப்போச்சு" என்றார் ரீச்சர். பிறகு கொஞ்சம் நிமிர்ந்து, "சேரை வரச் சொல்லுங்கோ" என்றார்.

"பாத்தா எழுதணும்மா. அதான் அவரு அங்கயே நிக்கறாரு."

"வரச் சொல்லுங்கோ."

ஆர்.ஐ. குடை பிடித்துக்கொண்டு நடந்தே வந்தார். சட்டைப்பையில் நிறையப் பேனா வைத்திருந்த ஒல்லியான மனிதர். குடிசை குடிசையாக ஆளை எண்ணினார். ஒவ்வொரு திருப்பத்திலும் பள்ளிக்கூடம் முதுகுப்பக்கம் இருக்கும்படி பார்த்துக்கொண்டார். அதற்கே அவருக்குக் கழுத்து வலித்திருக்கும். எண்ணி முடிந்ததும் வேறு வழியில்லாமல் திரும்பினார்.

"என்னம்மா இது?"

"பள்ளிக்கூடம்" என்றார் ரீச்சர்.

"அது எனக்குக் கேக்கல. பள்ளிக்கூடம்னு நான் எழுதினா நாளைக்கே வண்டி வரும். பாக்கலன்னும் எழுத முடியாது, கண்ணுக்கு முன்னால நிக்குது. தண்ணி இருந்தா குடுங்க."

புஷ்பம் எழுந்து ஓடிப்போய் ஒரு செம்பில் தண்ணீர் கொண்டுவந்தாள். அவர் குடையை மடக்கிக் கூரைக்குக் கீழே வந்து நின்று நிதானமாகக் குடித்தார். செம்பைக் கொடுத்துவிட்டு மேலே பார்த்தார். நாலு பக்கமும் பார்த்தார்.

"மேல கூர இருக்குது. சுத்திச் செவுரு இல்ல. நடந்து வந்தவனுக்குத் தண்ணி குடுக்கறீங்க." பிள்ளைகளின் பக்கம் குனிந்தார். "எங்க ஊருல இதுக்கு என்ன பேருடா?"

ரீச்சரும் நானும் வாயைத் திறப்பதற்குள் அத்தனை பிள்ளைகளும் சேர்ந்து கத்தினார்கள்: "தண்ணிப்பந்தலு!"

"ஆங். தண்ணிப்பந்தலுக்கு எவனும் பர்மிஷன் கேக்கறதில்ல."

டிரைவர் தலையைச் சொறிந்தார். "சார், ஐப்பசி மழையில யாரு சார் தண்ணிப்பந்தல் வெப்பாங்க?"

"மேல இருக்கறவங்க மாசத்தையா பாக்கப் போறாங்க? போட்டோ கேப்பாங்க, அவ்ளோதான்." அவர் சுற்றிப் பார்த்து முகத்தைச் சுளித்தார். "ஆனா பந்தல்னா பானை இருக்கணும். ப்ளாஸ்டிக் கொடத்த வெச்சிப் படம் எடுத்தா எவன் நம்புவான்? பெருசா, லட்சணமா ஒண்ணு வேணுமே."

முகாமில் இருந்தவை பச்சையும் சிவப்புமான பிளாஸ்டிக் குடங்கள்தான். கஞ்சிப் பானையோ அலுமினியம், கரி பிடித்தது. புஷ்பம் அங்குமிங்கும் தேடினாள். தேடிக்கொண்டே வந்த அவள் கண் ஒரு இடத்தில் நின்றது. பிறகு டிரைவரின் கண் அங்கே போனது. ஆர்.ஐ.யின் கண்ணும் போனது. நான் சாப்பிட்ட இடத்தில், புட்டுத் தட்டுக்குப் பக்கத்தில், மேலே மண்ணிறமும் கீழே வெள்ளையுமாக என் ஜாடி பளபளவென்று உட்கார்ந்திருந்தது.

"அது தம்பியின்ரை. மனிசிக்கு வாங்கினது" என்றார் ரீச்சர் அவசரமாக. "வேண்டாம், புஷ்பம்."

நான் தயங்கவில்லை என்று எழுதினால் அது பொய். மரத்தடியில் விட்டுவந்த ஜாடி ஞாபகம் வந்தது. வாசலில் நின்று மூடியைப் பற்றிச் சொன்ன முகம் ஞாபகம் வந்தது. கடலைப் பற்றிக் கேட்ட சிறுமி தன் வீட்டு விட்டத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள். இன்றைக்கு அது இறங்கவில்லை என்பது அவளுக்கு நம்ப முடியாமல் இருந்திருக்க வேண்டும்.

போய் ஜாடியைத் தூக்கினேன். பழகிப்போன பாரம். கொண்டுவந்து முன் கம்போரத்தில், மூன்று செங்கல் அடுக்கி, அதன் மேல் வைத்தேன். புஷ்பம் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினாள். மூடியைப் போட்டு, மேலே செம்பைக் கவிழ்த்து வைத்தாள். ரீச்சர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

டிரைவர் ஜீப்பிலிருந்து கேமராவைக் கொண்டுவர, ஆர்.ஐ. படம் எடுத்தார். பிறகு முழங்காலில் வைத்து ஏதோ எழுதினார். "சுத்தித் தட்டி கட்டினீங்கன்னா தண்ணியில சாரல் அடிக்காது. அது ஒங்க இஷ்டம், எனக்குத் தெரியாது" என்று சொல்லிவிட்டுக் குடையை விரித்தார். வாசல்வரை போனவர் திரும்பி வந்தார். புஷ்பத்தின் கை விசிலுக்குப் போனது. ஜாடியின் மூடியைத் தூக்கி இன்னொரு செம்பு தண்ணீர் குடித்துவிட்டுத்தான் போனார்.

செல்வராசு வந்து விஷயத்தைக் கேட்டதும், தலையில் அடித்துக்கொண்டு பக்கத்து யூனிட்டுக்கு வண்டியை விட்டார். மழையில் சூளை மூடியிருந்தது. எல்லா ஜாடியும் விற்றுப்போயிருந்தது. "அடுத்த சரக்கோட அனுப்பிடறேன் அண்ணே, என் பொறுப்பு" என்றார். அவர் என்னை அண்ணே என்றது அதுதான் முதல் தடவை. பஸ் நிலையத்தில் தன் பங்குக்கு முந்திரிப்பருப்புப் பொதி ஒன்றை என் மடியில் திணித்தார். ஜாடி இருந்த இடத்துக்கு அது ரொம்பச் சிறிது.

வவுனியாவில் இறங்கியதும் முதலில் கந்தசாமி அண்ணையிடம் போய், பள்ளிக்கூடத்தை வடிவாகப் பார்த்தேன், இரண்டு கோலத்தில் பார்த்தேன் என்று சொன்னேன். இரண்டு கோலம் எப்படி என்று அவர் கேட்க, அதைச் சொல்லி முடிக்க இருட்டிவிட்டது. அதற்குப் பிறகுதான் வீட்டுக்குப் போகத் துணிவு வந்தது.

மனைவி என் கைகளைப் பார்த்தாள். பெட்டிகளுக்குப் பின்னாலும் பார்த்தாள்.

"ஜாடி எங்க?"

ஒன்றையும் விடாமல் சொன்னேன். கம்பு இறுகியது, மூன்று பீடி, பிள்ளைகள் கத்தியது எல்லாம். அவள் அடுப்பெரியும் குசினி வாசலில் சாய்ந்து நின்று கேட்டாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"மூடியும் குடுத்தனீங்களோ?" என்றாள்.

"குடுத்தனான்."

"அது சரி. மூடி இல்லாட்டில் பிள்ளையள் குடிக்கிற தண்ணிக்குள்ள தூசி விழும்" என்று சொல்லிவிட்டு, எனக்குப் பிளேன்டீ போட உள்ளே போனாள்.